பாழ் தொடங்கும் இடம்: சேலம், நாமக்கல் சமவெளியின் பழைய செங்கல் வீடுகளும் அகநானூற்று 167ஆம் செய்யுளும்

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சான்றோர் நமக்கு ஓர் ஆராய்ச்சி முறையைக் கற்பித்துச் சென்றனர். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஓர் ஏட்டை மட்டும் நம்பி நூலின் வடிவைத் துணிந்தாரல்லர். பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, மூலம் இது, பாட வேறுபாடு இது, பின்னோர் சேர்த்தது இது எனப் பகுத்த பின்னரே பதிப்பித்தார். குடும்பம் ஒன்று பல தலைமுறை வாழ்ந்த பழைய செங்கல் வீடும் இம்முறையால் ஆராயத்தக்க ஒரு பனுவலே என்பது எம் கருத்து. அதற்கும் மூலம் உண்டு, இடைச்செருகல் உண்டு, பிழைபட்ட திருத்தமும் உண்டு. அங்ஙனம் ஆராய்வார்க்கு வழிகாட்டும் சங்கச் செய்யுள் ஒன்றும் உளது. அச்செய்யுளையும், சேலம், நாமக்கல் சமவெளி வீடுகளையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டைக் கட்டுவதையும் நூலைக் கற்பதையும் இணைத்துப் பார்ப்பது எம் புதுக் கற்பனை அன்று. நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டியன் அரண்மனை அமைந்த வகையைக் கூறுமிடத்து, நண்பகற் பொழுதில் இரு கோல்களின் நிழல் கொண்டு திசையறிந்து, நுண்ணிதாகக் கயிறு பிடித்து, தெய்வத்தை வழிபட்டு மனை வகுத்தோரைக் குறிப்பிடுகின்றார். அவர்களுக்கு அவர் இட்ட பெயர் ‘புலவர்’ என்பதே. மனைநூல் கற்றவரும் புலவரே என்று கொண்ட மரபில், மனையைக் கற்பதும் புலமைத் தொழிலே ஆதல் வேண்டும்.

நிலமும் பொருளும்

1997ஆம் ஆண்டு தொடக்கத்தில் நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கும் வரை இப்பகுதி முழுவதும் சேலம் மாவட்டமாகவே இருந்தது. சேர்வராயன் மலை, கஞ்சமலை, கொல்லிமலை ஆகியவற்றின் அடியிற் பரந்து, திருமணிமுத்தாறு பாய, தென்மேற்கே காவிரியை எல்லையாகக் கொண்டு கிடப்பது இச்சமவெளி. நாமக்கல் ஊரின் நடுவே நிற்கும் பெரும்பாறையே காட்டுவது போல, கல்லுக்குக் குறைவில்லாத நிலம் இது. அங்ஙனமாகவும் குடியிருக்கும் வீட்டுச் சுவர்க்குச் செங்கல்லை நாடியது ஏன் எனும் வினா எழும். கருங்கல்லைப் பிளந்து செதுக்கி ஏற்றுதல் பெருஞ்செலவு; வெயிலில் அது சூட்டை வாங்கி இரவிலும் விடாது. ஆற்றங்கரையிலும் ஏரியின் உட்புறத்திலும் கிடைக்கும் மண்ணை அறுத்துச் சுடுதல் எளிது. ஆகவே நிலத்தின் ஈரம் மேலேறாதபடி அடித்தளத்தைக் கல்லாலும், அதன்மேற் சுவரைச் செங்கல்லாலும் அமைத்தனர். கல் ஈரத்தைத் தடுக்க, செங்கல் வெப்பத்தைத் தணிக்கும்.

இரண்டையும் பிணைப்பது சுண்ணாம்பு. சேலத்தை அடுத்த வெண்ணிறக் கரடுகளை ஐரோப்பியர் சுண்ணக்குன்றுகள் எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஆயினும் அங்கு வெளுத்துத் தோன்றுவது மாக்னசைட்டு எனும் வேறொரு கனிமமே. கட்டடச் சுண்ணாம்பு, சுக்கான்கல்லையும் சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லையும் போன்றவற்றைச் சுட்டுப் பெறுவது. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு கூட்டி அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது பழைய கொத்தர் வழக்கம். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாக இறுகும். கட்டி முடித்த பின்னும் பல ஆண்டுகள் இம்மாற்றம் தொடர்வதால், சுவர் தானும் முதிர்கின்றது எனலாம். நெடுநல்வாடை பாண்டியன் அரண்மனையின் ஒளிரும் பூச்சினைச் ‘சுதை’ என்கிறது. பெயர் மாறினும் பொருள் அதுவே.

அமைப்பும் சொல்லும்

கொங்கு நாட்டிற் செல்வ நிலையில் இருந்த உழவர் குடும்பங்களின் பழைய வீட்டைத் ‘தொட்டிக்கட்டு வீடு’ என்பர். நடுவே வானம் நோக்கித் திறந்த தாழ்ந்த முற்றம், அதுவே தொட்டி. அதன் நாற்புறமும் தாழ்வாரம். நாற்புறக் கூரையும் உள்நோக்கிச் சாய்ந்து மழைநீரைத் தொட்டியில் விழச்செய்யும். அங்கிருந்து சலதாரை வழியே நீர் வெளியேறும். தெருப்பக்கம் திண்ணை, உள்ளே பலர் கூடியிருத்தற்குரிய ஆசாரம், மேலே பொருள்களை இட்டுவைக்கும் அட்டாலி, பின்புறம் பொடக்காலி. பொதுத் தமிழில் ஒழுக்கத்தைக் குறிக்கும் ‘ஆசாரம்’ எனும் சொல் கொங்கு வழக்கில் வீட்டின் ஒரு பகுதியைக் குறித்தல் மாணவர் மனத்திற் கொள்ளத்தக்கது.

வீட்டின் பகுதி மறைந்தால் அதன் பெயரும் மறையும். தொட்டி இல்லாத வீட்டில் வளரும் குழந்தைக்குத் ‘தொட்டி’ என்றால் நீர்த்தொட்டியே நினைவுக்கு வரும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வெளிவந்தன. அதன் பின்னரும் வட்டார வழக்கிற் சொற்கள் எஞ்சியிருந்தமையாலன்றோ, பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000ஆம் ஆண்டில் வெளிவரும் தேவை நேர்ந்தது? வீட்டை இடிக்கும்போது செங்கல்லை மட்டும் அள்ளிச் செல்வதாக எண்ணுகின்றோம்; அகராதியின் ஒரு பக்கமும் அதனுடன் செல்கின்றது.

வீட்டின் காலம்

பழைய வீடொன்றின் வரலாற்றை எழுதுவார் பெரும்பாலும் ஒரே ஒரு சான்றைப் பற்றிக்கொண்டு முழுவீட்டிற்கும் காலம் வரைவர். நிலையின்மேற் செதுக்கிய ஆண்டையோ, குடும்பத்து முதியோர் கூற்றையோ, கூரை ஓட்டையோ கொண்டு முடிபு கூறுவர். இது ஏட்டின் கடைசி இதழில் உள்ள குறிப்பைக் கொண்டு நூலின் காலத்தைக் கணிப்பது போன்றது. அக்குறிப்பு ஏட்டைப் படியெடுத்த காலத்தைக் காட்டுமேயன்றி நூல் யாத்த காலத்தைக் காட்டாது.

கூரையை எடுத்துக்கொள்வோம். பாசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவியது 1865இல். சென்னையிலிருந்து சேலத்தின் வழியே மேற்குக் கடற்கரை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையும் 1860களின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. ஆகவே, தொழிற்சாலைப் பெயர் பொறித்த தட்டையான மங்களூர் ஓடு ஒரு கூரையிற் காணப்படின், அக்கூரை 1865க்கு முற்பட்டதன்று என்று துணியலாம். ஆயினும் அதன் கீழுள்ள சுவரும் அக்காலத்ததே என்று கூறுதல் பிழை. குயவர் வனைந்த நாட்டு ஓடுகளைக் களைந்துவிட்டுப் பழஞ்சுவரின்மேற் புதுக்கூரை ஏற்றியிருத்தல் கூடும். மங்களூர் ஓட்டிற்கேற்பக் கூரையின் சாய்வை மாற்றியிருப்பின், சுவரின் தலையில் இரண்டு மூன்று வரிசை புதுச் செங்கல் ஏறியிருக்கும். அவ்வரிசைகளே இடைச்செருகலின் சுவடு.

செங்கல்லும் அங்ஙனமே பேசும். கீழடியில் 2015 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் வெளிப்பட்ட பழஞ்செங்கற்கள், கனம், அகலம், நீளம் ஆகியவற்றில் ஏறத்தாழ 1:4:6 எனும் விகிதம் கொண்ட பெருஞ்செங்கற்கள். இக்காலத்தில் 9 அங்குல நீளமுள்ள செங்கல்லே பெருவழக்கு. சமவெளி வீடு ஒன்றின் சுவரில் மெல்லிய நாட்டுச் செங்கல்லும் பிற்காலத் தடித்த செங்கல்லும் அடுத்தடுத்து வரின், அவை கலக்கும் கோட்டைத் தேடுதல் ஆராய்ச்சியாளன் கடமை. அக்கோடு ஒரு கதவை அடைத்த இடமாயிருக்கலாம். உடன்பிறந்தார் பாகம் பிரிந்தபோது தொட்டியின் குறுக்கே எழுப்பிய சுவராகவும் இருக்கலாம்.

இனி, பிழைபட்ட திருத்தம். பொருள் விளங்காத சொல்லைத் தமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடும் பதிப்பாசிரியர் செயலை நாம் கண்டிக்கின்றோம். சுண்ணாம்புச் சுவரின்மேற் சிமெண்டு பூசுதலும் அத்தகையதே. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினது. சிமெண்டோ அவ்வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் செங்கல்லைப் பொடியாக்கும். வெளியே வழுவழுப்பாகத் தோன்றும் சுவர் உள்ளே உதிர்ந்து கொண்டிருக்கும். திருத்தியவர் நல்லெண்ணம் உடையவரே. ஆயினும் மூலம் கெட்டது.

செய்யுள் காட்டும் வரிசை

இதுகாறும் கூறியவை வீடு கட்டப்பட்ட முறையையும் மாறிய முறையையும் பற்றியன. அது எங்ஙனம் பாழாகின்றது என்பதை அறிய அகநானூற்றுக்குச் செல்வோம். மணிமிடை பவளத்தில் 167ஆம் செய்யுளாக அமைந்த பாலைப்பாட்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பெரும்பாணாற்றுப்படையைப் பாடியவரும் இவரே. அவ்வாற்றுப்படையிற் கச்சி நகரின் செங்கற் கட்டடங்களைச் ‘சுடுமண்’ எனும் சொல்லால் உயர்த்திக் கூறியவர், இப்பாலைப்பாட்டிற் சிதைந்த பொதியிலின் சுவர்க்கு ‘இட்டிகை’ எனும் சொல்லை ஆள்கின்றார். வாழும் நகரிலும் வீழ்ந்த மன்றிலும் செங்கல்லையே நோக்கிய கண் அவருடையது.

பொருள்வயிற் பிரிய எண்ணிய தலைவன் தன் நெஞ்சிற்குக் கூறுவது இப்பாட்டு. இன்று வானளாவிய இல்லத்தில் தலைவியுடன் பூஞ்சேக்கையில் இனிது தங்கினோம். நாளை உறக்கம் வராத கண்ணினேமாய்ப் பாழ்பட்ட பொதியிலில் தங்குவோமோ என்கின்றான். அப்பொதியிலின் நிலையைக் காட்டும் பகுதியே ஈண்டு நமக்கு இன்றியமையாதது.

இப்பகுதியைப் படிப்போர் நெஞ்சிற் பதிவது விட்டம் வீழ்ந்த காட்சியே. அதனால் இடிந்த கட்டடத்தின் ஓவியமாகவே இதனைக் கொண்டு நின்றுவிடுதல் எளிது. ஆனால் புலவர் நிகழ்ச்சிகளை நிறுத்திய வரிசையை நோக்குக. முதலில், வணிகச் சாத்தினரைத் தாக்கிக் கொள்ளையிடும் வில்வீரரின் பகை. அதற்கு அஞ்சி ஊரார் எழுந்து சென்றனர். ஊர் வறண்டது, பாழிற் பீர்க்கு படர்ந்தது. பின்னர் யானை வந்து முருங்கையை மேய்ந்தது. மேய்ந்த யானை தன் முதுகை உரிஞியது, அதனாற் சுவர் தளர்ந்தது, விட்டம் வீழ்ந்தது. புறாக்கள் நீங்கின, எழுதப்பட்டிருந்த கடவுளும் அகன்றது, பலி மறக்கப்பட்டது, மெழுகப்படாத திண்ணையில் ஈன்ற நாய் புகுந்தது, கூரையைச் சிதல் கவர்ந்தது.

மக்கள் சென்றது முதல். யானை வந்தது பின். மக்கள் இருக்கும் ஊரில் யானை சுவரில் உரிஞ்சாது. ஆகவே சுவரை வீழ்த்தியது யானையாயினும் பாழின் தொடக்கம் யானை அன்று. முருங்கையை ஈண்டு வைத்ததும் கருதற்பாலது. குடியிருப்பை ஒட்டி நட்டு வளர்க்கப்படும் மரம் அது. நட்டவர் நீங்க, அவர் நட்ட மரமே யானையைச் சுவரருகே அழைத்து வந்தது. வீழ்ச்சியின் காரணத்தைக் கட்டடத்தில் தேடாமல், கட்டடத்தை விட்டுச் சென்றோரிடம் தேடுமாறு செய்யுள் நம்மைச் செலுத்துகின்றது.

பொதியில் ஊர்ப்பொது மன்றமன்றோ, அதனைக் குடும்ப வீட்டோடு ஒப்பிடல் பொருந்துமோ எனின், பொருந்தும். அவ்வொப்பீட்டைச் செய்தவர் புலவரே. தலைவனின் நெடிய இல்லத்தை முதலிலும் பொதியிலை இறுதியிலும் நிறுத்தி, முன்னதிற் ‘சேக்கை’ என்றும் பின்னதிற் ‘சேக்குவம்’ என்றும் ஒரே வேரிற் பிறந்த சொற்களால் இரண்டையும் பிணைத்துள்ளார். இவ்வீடும் ஒருநாள் அப்பொதியில் ஆகலாம் எனும் அச்சம் சொல்லப்படாமலே நிற்கின்றது. செல்லலாமா என்று நெஞ்சோடு வினவுபவன் வீட்டிலிருந்து புறப்பட எண்ணியவன் என்பதை மறத்தலாகாது.

மேலும், இச்செய்யுளின் கட்டடச் சொற்கள் பல சமவெளி வீடுகளில் இன்றும் வழங்குவன. சுவரும் விட்டமும் மாறவில்லை. செய்யுளின் ‘திணை’ இன்றைய திண்ணை. கூரையின் தாழ்ந்த விளிம்பைக் குறிக்கும் ‘இறை’ கொங்கு வாய்மொழியில் ‘எறவாரம்’ என்பதில் ஒலிக்கின்றது. ‘மாடம்’ மட்டும் பொருள் சுருங்கி, உயர்ந்த கட்டடத்தைக் குறித்தது போய், விளக்கு வைக்கும் சுவர்க்குழியையும் குறிக்கலாயிற்று. இவ்வுறுப்புகளை நேரிற் கண்ட மாணவனுக்கு இப்பகுதிக்கு உரை வேண்டுவதில்லை. காணாதவனுக்கு உரையும் விளங்குவதில்லை.

மெழுகுவோரும் உரிமையும்

ஓட்டுக்கூரை வீட்டின் அழிவு தலையிலிருந்து தொடங்கும் என்பது கொத்தரும் தச்சரும் அறிந்தது. இரு சரிவுகள் கூடும் கூடல்வாயில் ஓர் ஓடு விலகும். மழைக்கு முன் ஓடு மாற்றுவார் இருப்பின் அது ஒரு நாள் வேலை. இல்லையேல் நீர் கைமரத்தின் முனையை நனைக்கும், நனைந்த மரத்திற் சிதல் ஏறும், விட்டம் தளரும், மூடுதல் இழந்த சுவரின் தலைவழியே நீர் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கும், பறவை இட்ட விதையில் அரசங்கன்று முளைத்து வேரால் செங்கல்லைப் பிளக்கும். யானையின் தொழிலை இக்காலத்தில் அரசங்கன்று செய்கின்றது. ஆயினும் ஓடு விலகியதைக் காணும் கண் வீட்டில் இல்லாமையே முதற் காரணம்.

இனி ‘மெழுகாத’ எனப் பொருள்படும் அச்செய்யுட் சொல்லில் நிற்போம். மெழுகுதல் நாள்தோறும் செய்யும் தொழில்; பெரும்பாலும் பெண்டிர் கையால் நிகழ்வது. கட்டுதல் ஒருமுறை, மெழுகுதல் பல்லாயிரம் முறை. வீட்டு வரலாறுகள் கட்டியவன் பெயரைப் பொறிக்கின்றன. மெழுகியவள் பெயரைப் பொறிப்பதில்லை. சட்டமும் நெடுங்காலம் அவ்வழியே நின்றது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 23ஆம் பிரிவால், குடும்பத்தார் வாழும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை பெண் வாரிசு அதிற் பாகப்பிரிவினை கோர இயலாது என்று வரையறுத்தது. 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தம், அதற்குமுன் மணமாகாத மகளிர்க்குக் கூட்டுக்குடும்பச் சொத்திற் பிறப்புரிமை வழங்கியது. 23ஆம் பிரிவு 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே நீங்கிற்று. வீட்டைக் காத்த கைகளுக்கு வீட்டில் உரிமை வந்தது, பல வீடுகள் பாழாகத் தொடங்கிய பின்னரே. பாகப்பிரிவினைப் பத்திரங்களை வீட்டு வரலாற்றிற்குச் சான்றாகக் கொள்வோர், அவற்றில் இடம்பெற்ற பெயர்களோடு இடம்பெறாத பெயர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வீடுகளைப் போற்றும்போது இன்னொன்றையும் மறைத்தல் நேர்மையன்று. திண்ணை வழிப்போக்கரை வரவேற்றது என்பர். அது எல்லா வழிப்போக்கரையும் வரவேற்றதில்லை. சாதியின் வரம்பு தெருவிலும் வாயிலிலும் ஆசாரத்திலும் படிப்படியாகக் கோடு கிழித்திருந்தது. செங்கல் அறுத்துச் சுட்டவர் பலர் தாம் கூரைக் குடிசையிலேயே வாழ்ந்தனர். பெரும்பாணாற்றுப்படை ஈந்தின் இலை வேய்ந்த எயினர் குடிலையும் செங்கல் ஓங்கிய நகரையும் ஒரே பாட்டிற் காட்டுகின்றது. அந்நடுவுநிலைமை வீட்டு வரலாறு எழுதுவார்க்கும் வேண்டும்.

செய்யத்தக்கது

1883இல் லெ பானு சேலம் மாவட்டக் கையேட்டையும், 1918இல் ரிச்சர்ட்ஸ் மாவட்ட விவரச் சுவடியையும் எழுதினர். அவை ஆட்சியின் தேவைக்கு எழுந்தவை. குடும்ப வீட்டின் கூடல்வாயை அவற்றில் தேடுதல் முறையன்று. பெரியோர் வாழ்ந்த வீடுகள் சில நினைவில்லங்களாகக் காக்கப்படுகின்றன. நாமக்கல்லிற் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972) வாழ்ந்த இல்லமும், பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தொரப்பள்ளியில் 1878இல் இராஜாஜி பிறந்த இல்லமும் அத்தகையன. இவை போற்றுதற்குரியன. ஆனால் நினைவில்லம் என்னும் கருத்தே ஒரு மனிதரின் பொருட்டு வீட்டைக் காப்பது. புகழ்பெற்றார் எவரும் பிறவாத வீட்டிற்கு அக்கருத்திற் புகலிடம் இல்லை. இச்சமவெளியின் பழைய வீடுகளிற் பெரும்பாலானவை அத்தகையனவே.

எல்லா வீட்டையும் காத்தல் இயலாது என்பதை யாம் அறிவோம். இயலுவது, அவற்றைப் படித்து வைத்தல். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரிற் பழைய வீடொன்றைத் தேர்ந்து, தரைப்படம் வரைந்து, செங்கல்லின் அளவையும் ஓட்டின் பொறிப்பையும் குறித்து, சுவரில் பொருள் மாறும் கோடுகளைக் காட்டி, ஒவ்வோர் உறுப்பிற்கும் அவ்வீட்டார் வழங்கும் பெயரை அவர் ஒலிக்கும்படியே எழுதுவாராயின், சில ஆண்டுகளில் தமிழ்த்துறையிடம் ஒரு புதிய சுவடித்தொகுதி சேரும். ஆடவரை மட்டும் வினவாது, மெழுகிய மூதாட்டியரை முதலில் வினவுதல் வேண்டும். அவர்க்கு வீட்டின் ஒவ்வொரு முழமும் கைப்பழக்கம்.

உருத்திரங்கண்ணனார் பாழைப் பாடத் தொடங்கியபோது விட்டத்திலிருந்து தொடங்கவில்லை. ஊரார் எழுந்து சென்றதிலிருந்து தொடங்கினார். பழைய வீட்டின் வரலாற்றை எழுதுவோரும் அவ்விடத்திலிருந்தே தொடங்குவாராக.